கடையநல்லூர் தெருவுக்கு மேக்ஸ்வெல்லில் இறங்க வேண்டும்

2025 ஜனவரி 9, வியாழன் - தேக்கா

தென்காசியில் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது என் பிழைப்பு. ஊர் நண்பர்கள் நடத்தும் சிறு நூலகத்துக்காக, சிங்கப்பூரில் வாழும் தமிழர்களைப் படம் பிடித்து ஆளுக்கு அரைப் பக்கம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் சிங்கப்பூர் எட்டிப் பார்க்காத வீடு கிடையாது. தலைவலிக்குக் கோடாலித் தைலம் இருக்கும், சுவரில் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த தாத்தா படம் தொங்கும். ஆனால் போனவர் அங்கே எந்தக் கடையில் காய் வாங்கினார், பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

தேக்காவுக்குப் போனால் எல்லாரும் கிடைத்துவிடுவார்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இங்குள்ள தமிழர்கள் லிட்டில் இந்தியா வட்டாரத்தையே தேக்கா என்கிறார்கள். ரயில் நிலையத்தை விட்டு மேலே வந்த நொடியில் லென்ஸ் முழுவதும் ஆவி படிந்துவிட்டது. குளிரூட்டிய பெட்டிக்குள் முக்கால் மணி நேரம் இருந்த கேமராவுக்கு வெளிக்காற்று பிடிக்கவில்லை. துடைத்தால் மறுபடி படிகிறது. பஃபலோ சாலையில் காய்கறிக் கடை ஓரமாக, வெங்காய மூட்டைகளுக்கு நடுவே, கேமரா தெளிவதற்காகக் காத்து நின்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "மூடிபோட்டுப் பையிலேயே பத்து நிமிடம் வையுங்கள், தானாகச் சரியாகும், இங்கே வரும் எல்லாருக்கும் இதே கதைதான்" என்றார்.

தேக்கா சந்தையின் கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் மீனும் இறைச்சியும் காயும், மறுபக்கம் உணவங்காடி. மாடியில் சேலைக் கடைகளும் தையல் இயந்திரங்களும். இறைச்சிக் கடைகளில் சிவப்பு விளக்கு, காய்கறிப் பக்கம் வெள்ளைக் குழல் விளக்கு, வாசலில் மழைக்கு முந்தைய சாம்பல் வெளிச்சம். இந்த மூன்றும் ஒரே முகத்தில் விழுந்தால் எந்தக் கேமராவும் குழம்பும். வாழை இலை, முருங்கைக்காய், சுண்டைக்காய், கட்டுக் கருவேப்பிலை என்று நம் சந்தையின் எல்லாச் சரக்கும் இருக்கிறது. விலையைத்தான் அறுபத்து மூன்றால் பெருக்காமல் பார்க்கப் பழக வேண்டும். இன்றைய தேதிக்கு ஒரு வெள்ளி அறுபத்து மூன்று ரூபாய். இங்கே டாலரை வெள்ளி என்றும் சென்ட்டைக் காசு என்றும்தான் சொல்கிறார்கள், கேட்க நன்றாக இருக்கிறது.

கேம்பல் லேன் பக்கம் ஒரு பூக்கடை. பொங்கல் நெருங்குவதால் மல்லிகை முழம் நான்கு வெள்ளி. விமானத்தில் வந்து இறங்கிய பூ. ஊரிலும் தை பிறக்கும் முன் இந்த மல்லிகை கைக்கு எட்டாது என்பதால் நான் அதிகம் வியக்கவில்லை. மாலை கட்டிக்கொண்டிருந்தவர் மன்னார்குடிப் பக்கத்துக்காரர். விரல் போகிற வேகத்தில் படம் கலங்கியது. பேசினார், தே தாரேக் என்னும் ஆற்றிய பால் தேநீர் வாங்கித் தந்தார், ஆனால் முகத்தை எடுக்க விடவில்லை.

"தங்கச்சி, வீட்டில் நான் மேற்பார்வையாளர் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் நூலகத்துக்கு மன்னார்குடியிலிருந்து யாரும் வர மாட்டார்கள் என்று உத்தரவாதம் தர முடியுமா?"

முடியாது. மாலையை மட்டும் எடுத்தேன்.

அடுத்தடுத்து நான் பேசியவர்களில் ஒருவர்கூட இந்தத் தெருக்களில் குடியிருக்கவில்லை. மளிகைக்கடைப் பெண்மணி ஈசூனிலிருந்து வருகிறார், தையல்காரர் உட்லண்ட்ஸ், நகைக்கடைக் காவலாளி எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பஸ்ஸில். "வீடா? இங்கேயா?" என்று என் கேள்வியைப் பார்த்தே சிரித்தார் தையல்காரர்.

ஜனவரி 10, வெள்ளி - ஈசூன், மழை

விடிந்ததிலிருந்து மழை. நம் ஊர் ஐப்பசி மழைபோல இடி முழக்கம் ஏதும் இல்லை. வேலைக்கு வந்த ஊழியரைப் போல நிதானமாக, இடைவேளை இல்லாமல் பெய்கிறது. வெப்பநிலை 23 பாகைக்கு அருகில் இறங்கியதும் பஸ் நிறுத்தத்தில் பிள்ளைகள் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். வடகிழக்குப் பருவக்காற்றின் வேகம் கூடியிருப்பதாகச் செய்தியில் சொன்னார்கள். இன்றைய திட்டம் எல்லாம் போயிற்று. சித்தி மகள் அக்காவின் வீடு பத்தாம் மாடியில். அவள் வேலைக்குப் போனதும் சன்னலுக்கு வெளியே ஈசூன் முழுவதும் ஒரே சாம்பல்.

பசியாறக் கீழே இறங்கினேன். பிராட்டா ஒன்று ஒன்றரை வெள்ளி, முட்டை போட்டது இரண்டரை. தென்காசிக்காரியாகிய எனக்குப் பரோட்டா விஷயத்தில் ஒரு கர்வம் உண்டு, பிரானூர் பார்டருக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அது தானாக வந்துவிடும். இங்குள்ளது வேறு சாதி. வீசி வீசி மெல்லிசாக்கி, மடித்து, ஓரம் மொறுமொறுப்பாகச் சுடுகிறார்கள். சால்னா இல்லை. கிண்ணத்தில் மீன் குழம்போ பருப்போ வருகிறது, பக்கத்து மேசைச் சீனப் பையன் அதற்குச் சர்க்கரை தொட்டுக்கொண்டான். சர்க்கரையை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. மொறுமொறுப்புக்காக இன்னொன்று வாங்கினேன். எழுந்து நடந்தபோது ஒரு சீனத் தாத்தா மேசையைத் தட்டி என் தட்டைக் காட்டினார். சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துக்கொண்டுபோய் அதற்கான அடுக்கில் வைக்க வேண்டும். 2021-இலிருந்து அதற்குச் சட்டமே இருக்கிறது. தாத்தா சட்டத்தைவிடக் கண்டிப்பானவர். நான் வைத்துவிட்டுத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

புளோக்கின், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தின், கீழ்த்தளத்தில் ஒரு மாமாக் கடை. நடத்துபவர் தமிழ் முஸ்லிம் பெரியவர், பெட்டிக்கடையைவிடக் கொஞ்சம் பெரிய இடம். தொங்கும் மிட்டாய்ச் சரம், சோப்பு, மின்கலம், தலைவலி மாத்திரை, மேலே நான்கு மொழிப் பத்திரிகைகள். அதில் 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் உண்டு. ஒதுங்கி நின்ற நேரத்தில் ஒரு மலாய்ப் பெண், இரண்டு சீனச் சிறுவர்கள், ஒரு பஞ்சாபி அம்மா வந்து போனார்கள். அவரவர் மொழியில் சில்லறை எண்ணிக் கொடுத்தார்.

"பாய், உங்களை ஒரு படம் எடுக்கட்டுமா?"

"என்னை எதற்கு? கடையை எடுங்கள்."

மலாய்ப் பெண் நடுவில் புகுந்து அவரை ஏதோ கடிந்துகொண்டாள். பாய் முணுமுணுத்தபடி சட்டைக் காலரைச் சரிசெய்து, மிட்டாய்ச் சரத்துக்குப் பின்னால் வந்து நின்றார். அந்தப் பெண் என் தோளுக்குப் பின்னாலிருந்து அவருக்குத் தலையை எப்படித் திருப்ப வேண்டும் என்று கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பயணத்தில் முதல் நல்ல படம் அதுதான், இயக்கம் அவளுடையது.

மாலையில் பத்தாம் மாடி நடைபாதையின் கோடியில் ஒரு கருவேப்பிலைச் செடி கண்ணில் பட்டது. அதையொட்டித் துளசி, வெற்றிலைக்கொடி, கற்பூரவல்லி. சொந்தக்காரர் எழுபத்தெட்டு வயதுப் பெரியவர், செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். செடிகளைப் பற்றி விசாரித்ததும் உள்ளே போய் அளவு நாடாவை எடுத்துவந்தார். தீ விபத்தென்றால் ஆட்கள் போக, நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும் என்பது விதி. வாரம் ஒருமுறை அளந்து பார்ப்பாராம். "செடி வளரும், சட்டம் வளராது" என்றார். தொட்டிகளுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்ற அவரை அப்படியே எடுத்தேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்றார். இரண்டு விதமாகவும் எடுத்தேன்.

கருவேப்பிலையை யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம். எதிர்வீட்டுச் சீன அம்மா கோழிக் கறிக்குப் பறிக்கிறார், மூன்று வீடு தள்ளி மலாய்க் குடும்பம். அந்த மாடியில் தமிழ் பேசும் வீடு இவருடையதும் அக்காவுடையதும்தான். அது தற்செயல் அல்ல. 1989 மார்ச்சில் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் புளோக் ஒவ்வொன்றிலும் எந்த இனத்தவர் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு உண்டு. இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து ஒரு புளோக்கில் இன்றைக்கு 15 விழுக்காடு. இங்குள்ள மக்களில் பத்தில் எட்டுப் பேர் குடியிருப்பது இந்தக் கழக வீடுகளில்தான். அதே 1989-இல், ஜூலையில், லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. இரண்டும் வேறு வேறு காரணங்களுக்காக வந்தவைதான். ஆனால் படம் எடுக்க வந்தவளின் கணக்கில், கடைவீடுகள் ஒரு பக்கம் பத்திரமாக நிற்கின்றன, ஆட்கள் தீவு முழுக்கப் பத்தாம் மாடிகளில் பரவியிருக்கிறார்கள். தையல்காரர் ஏன் சிரித்தார் என்று புரிந்தது.

ஜனவரி 11, சனி - மேக்ஸ்வெல், தெலுக் ஆயர்

மழை நிற்கவில்லை. இரண்டு நாளிலேயே ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியைத் தாண்டிவிட்டது என்று வானிலைக்காரர்கள் அறிவித்தார்கள். குடை பன்னிரண்டு வெள்ளி. காலணி காயவே இல்லை. அக்காவின் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

இன்றைக்கு ஒரு சந்திப்பு. எங்கள் பக்கத்து ஊரான கடையநல்லூரைப் பூர்விகமாகக் கொண்ட பெரியம்மா ஒருவர், மேக்ஸ்வெல்லை ஒட்டிய தஞ்சோங் பகாரில் பிறந்தவர், இப்போது ஜூரோங்கில் மகனுடன். "மேக்ஸ்வெல் நிலையத்தில் இறங்கி மேலே வா, வாசலில் நிற்கிறேன்" என்று தொலைபேசியில் சொன்னார். அரை மணி முன்னதாகவே போய்விட்டேன். நிலையத்துக்கு வெளியே மேக்ஸ்வெல் உணவங்காடி, அந்த மழையிலும் கோழிச் சோற்றுக்கு வால்போல் வரிசை. வரிசையில் நின்று வாங்கினேன், ஐந்து வெள்ளி. வெந்த கோழி, கோழி ரசத்தில் வெந்த சோறு, இஞ்சியும் மிளகாயும் அரைத்த துவையல். சோறுதான் சங்கதி, கோழி துணைக்கு வருகிறது.

வெளியே வந்து தெருப்பலகையைப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. கடையநல்லூர் தெரு. உணவங்காடியின் முகவரியே கடையநல்லூர் தெரு, இலக்கம் 1. தென்காசியிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போகிற ஊர். சீனாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தவர்கள் கைப்பேசியில் வரைபடம் பார்த்து அந்தப் பெயரைத் தடுமாறி உச்சரித்தபடி போய்க்கொண்டிருந்தார்கள்.

பெரியம்மா பேத்தியுடன் வந்தார். வந்ததும் என் செருப்பைப் பார்த்து, ஈரப் படிக்கட்டில் இதைப் போட்டுக்கொண்டா நடப்பது என்று ஒரு திட்டு. பிறகுதான் விசாரிப்பு. உணவங்காடியைக் காட்டிச் சொன்னார்: "முகவரியில் எங்கள் ஊர். ஆனால் ஹலால் பார்த்துச் சாப்பிடுகிற எனக்கு உள்ளே அதிகம் இல்லை."

அவருடைய அம்மா மசாலா அரைத்து விற்றவர். மீனுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று, மலாய்க்காரர்களின் சமையலுக்கு ஒன்று என்று அம்மியில் தனித்தனியாக அரைத்து, உருட்டி, இலையில் மடித்துச் சந்தைக்குக் கொண்டுபோவார். விடிகாலை மூன்று மணிக்கு அம்மிச் சத்தம் தொடங்கும். ஒரே கடைவீட்டில் தடுப்புத் தடுப்பாகப் பல குடும்பங்கள். ஒரு வீட்டு அம்மி ஓய்ந்தால் அடுத்த வீட்டில் தொடங்கும். "அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் நடந்தாலே தும்மல் வரும்" என்றார். மிளகாய் அரைத்த கை எரியாமல் இருக்க அம்மா என்ன செய்வார் என்று கேட்டேன். "எரியும். அவ்வளவுதான்."

படித்தது உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியில். சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் தொடங்கிய பள்ளி, பிறகு இதே மேக்ஸ்வெல் சாலைக்கு வந்து உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982-இல் மூடப்பட்டது. பெயர் இன்றும் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தில் இருக்கிறது. தங்கள் பள்ளியில் தமிழ்ப் பாடம் இல்லாத பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்கிறார்கள். பேத்தியும் அப்படிப் படித்தவள்தான். பாட்டி சொல்வதை ஆங்கிலத்தில் தோழிக்குத் தட்டச்சு செய்துகொண்டே, நான் எழுதியதில் ஒரு சந்திப்பிழையைச் சுட்டிக்காட்டினாள். சரியாகத்தான் சொன்னாள்.

தெருப்பலகைக்குக் கீழே படம் எடுக்கலாம் என்றேன். பெரியம்மாவுக்கு அதில் சம்மதம் இல்லை. "பலகை எப்போதும் இருக்கும். எங்கள் வீடு இருந்த இடத்தில் எடு." ஒரு உயரமான அலுவலகக் கட்டடத்தின் கண்ணாடி வாசலுக்கு அழைத்துப் போனார். உள்ளிருந்து காவலர் வந்து, முக்காலியை மடக்கும்படி பணிவாகச் சொன்னார். கையில் பிடித்து எடுப்பதற்குத் தடையில்லை. பெரியம்மா முக்காட்டைச் சரிசெய்து, பின்னால் பெய்கிற மழையைச் சட்டை செய்யாமல், அந்த வாசல் தன்னுடையது என்பதுபோல் நின்றார். காவலர் தன் குடையைக் கொண்டுவந்து, படத்தில் விழாத தூரத்தில் அவருக்கு மேல் பிடித்தார். மலாய்க்காரர். விவரம் தெரிந்ததும், தன் பாட்டி இதே சந்தையில் மசாலா உருண்டை வாங்கியிருப்பார் என்றார். பெரியம்மா உடனே எந்த வட்டாரம், என்ன பெயர் என்று விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

பிற்பகலில் அவரே வழிகாட்டினார். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827-இல் தோன்றிய மாரியம்மன் கோயிலும், தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் கூப்பிடு தூரத்தில். சுற்றிலும் சைனாடவுன், சிவப்பு விளக்குச் சரங்கள், சீனப் புத்தாண்டுச் சந்தை. கோபுரத்தை எடுத்தால் விளக்குச் சரமும் சேர்ந்தே விழுகிறது. முதலில் தவிர்த்துப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். தெலுக் ஆயரில் நாகூர் தர்கா, 1828-க்கும் 1830-க்கும் இடையே கட்டியது. அப்போது கடல் அந்தத் தெருவைத் தொட்டுக்கொண்டிருந்தது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் நன்றி சொல்ல முதலில் ஏறிய படி அது. கடலை மண்போட்டுத் தள்ளிவிட்டார்கள். இப்போது எதிரே வங்கிக் கட்டடங்கள்.

இரவுச் சாப்பாடு பெரியம்மா தயவில் இந்திய ரோஜாக். இந்தியாவில் இப்படி ஒன்று இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. வடையும் பொரித்த மாவுத்துண்டும் உருளையும் முட்டையும் நறுக்கி, இனிப்பும் காரமுமான சிவப்புக் குழம்பில் தொட்டுச் சாப்பிட வேண்டும். ஊரில் விற்றால் ஓடும்.

ஜனவரி 12, ஞாயிறு - மறுபடி தேக்கா

ஞாயிறு என்றால் விடுதிகளிலிருந்து கட்டுமானத் தொழிலாளர்கள் தேக்காவுக்கு வரும் நாள். வெயில் இருந்தால் புல்வெளியில் வட்டம் வட்டமாக உட்காருவார்களாம். இன்றைக்கு எல்லாரும் புளோக்குகளின் கீழும் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையிலும் ஒதுங்கி நிற்கிறார்கள். பணம் அனுப்பும் கடைகளில் வரிசை. 2013 டிசம்பரில் இங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் வார இறுதியில் பொது இடத்தில் மது அருந்தத் தடை உண்டு; காவலர்கள் அவ்வப்போது நடந்து போகிறார்கள், யாரும் கண்டுகொள்வதில்லை.

இவர்களைத் தூரத்திலிருந்து பெரிய லென்ஸில் சுட்டுக்கொண்டு போகிற சுற்றுலாக்காரர்கள் இரண்டு மூன்று பேரைப் பார்த்தேன். கூட்டமாக நிற்கும் ஆண்களைக் கேட்காமல் எடுத்தால் வருவது கூட்டத்தின் படம்தான், ஆளின் படம் வராது. நான் பையிலிருந்து கேமராவை எடுக்காமலே ஒரு மணி நேரம் நின்று ஊர்ப்பெயர்கள் கேட்டேன்: அறந்தாங்கி, திருப்பத்தூர், சங்கரன்கோவில். சங்கரன்கோவில்காரர் என் ஊரைக் கேட்டதும் தன் தங்கை கல்யாணத்துக்கு என்ன கட்டணம் வாங்குவேன் என்று விசாரித்துவிட்டார்.

புதுக்கோட்டைத் தம்பி ஒருவன் தானாகவே வந்தான். "அக்கா, ஒரு படம் எடுத்துக் கொடுங்கள், அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். சட்டை நனைந்திருப்பது தெரியக் கூடாது." பின்னணியையும் அவனே தேர்ந்தெடுத்தான்: கெர்பாவ் சாலையில் இருக்கும் டான் டெங் நியா வீடு. கதவுக்கொரு நிறம், சன்னலுக்கொரு நிறம் என்று வானவில்லைக் கொட்டிப் பூசிய பங்களா. 1900-இல் ஒரு சீன வணிகர் கட்டியது, இந்த வட்டாரத்தில் எஞ்சியிருக்கும் ஒரே சீனப் பங்களா. லிட்டில் இந்தியா என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பதும் பெரும்பாலும் இந்தச் சீனர் வீடுதான். அம்மா இதைப் பார்த்து நான் தங்கியிருக்கும் இடம் என்று நினைத்துக்கொண்டால் நல்லது என்றான். நெஞ்சளவுக்கு எடுத்தேன், ஈரம் தெரியவில்லை. அவனுடைய கைப்பேசிக்கு அனுப்பியதும் அங்கேயே நின்று ஊருக்கு அழைத்தான். மறுமுனையில், "ஏன்டா இளைத்துவிட்டாய்" என்ற குரல் எனக்கே கேட்டது.

நூலகத்துக்கு இந்தப் படத்தைத் தருகிறாயா என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றான். பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போடச் சொன்னான்.

கோமள விலாஸில் சாப்பிட்டேன். 1947-இலிருந்து சிராங்கூன் சாலையில் நடக்கிறது. தோசை முழங்கை நீளம், சாம்பார் கொஞ்சம் இனிப்பு. எதிரில் உட்கார்ந்த குடும்பம் எனக்கு இடம் கொடுக்கத் தங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டது.

ஜனவரி 13, திங்கள் - போகி

எரிக்க ஒன்றும் இல்லை, எரிக்கவும் முடியாது. தொண்டை கட்டிக்கொண்டது. துவைத்த துணி மூன்று நாளாக மூங்கில் கழியில் காயாமல் வீட்டுக்குள்ளேயே தொங்குகிறது. பகல் முழுக்கக் கஷாயமும் தூக்கமும். கஷாயத்துக்குக் கற்பூரவல்லி கோடிவீட்டு ஐயாவின் உபயம்.

மாலையில் மழை ஓய, ஐயா தன்னோடு கோயிலுக்கு வரச் சொன்னார். ஈசூனில் புனித மரம் பாலசுப்பிரமணியர் ஆலயம். முதலில் செம்பவாங் கடற்படைத் தளத்துப் பக்கம், ஒரு மரத்தடியில் தொழிலாளர்கள் கும்பிடத் தொடங்கியது. பிற்பாடு இந்த இடத்துக்கு மாறியது. பங்குனி உத்திரம் இங்கே பெரிது. ஐயாவின் அப்பா பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலைக்கு வந்தவர். 1938-இல் திறந்த ஆறாம் ஜார்ஜ் கப்பல் துறையில் துரு சுரண்டிய கை என்று அப்பாவின் கையைச் சொல்வார். தமிழரும் மலையாளிகளும் நிறைந்த தொழிலாளர் குடியிருப்பில்தான் ஐயா வளர்ந்தார். 1971-இல் பிரிட்டிஷார் போனார்கள், குடியிருப்பு கலைந்தது, அடுக்குமாடி வந்தது.

"அங்கே எல்லாரும் நம்மவர்கள். சண்டையும் நம்மவர்களோடுதான்" என்றார். "இங்கே சண்டை போட எனக்கு மூன்று மொழி கற்க வேண்டியிருந்தது."

பழைய இடத்தை நினைத்து ஏங்குகிறாரா என்று நோட்டம் விட்டேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை. அந்தக் காலத்தில் கழிப்பறை ஐம்பதடி தள்ளி இருந்தது, அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றார்.

ஜனவரி 14, செவ்வாய் - பொங்கல்

பொங்கலுக்கு இங்கே அரசு விடுமுறை கிடையாது, தீபாவளிக்கு மட்டும்தான். ஆகவே அக்கா ஐந்து மணிக்கே எழுந்து மின்னடுப்பில் பானை வைத்தாள். சூரியன் ஏழு மணிக்குப் பிறகுதான் வரும், அதற்குள் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடும். இருட்டில் சூரியனுக்குப் பொங்கல். பால் பொங்கி மின்னடுப்பின் கண்ணாடியில் வழிந்ததும் அடுப்பு தானாக அணைந்து கீச்சிட்டது. பிள்ளைகள் அதன் மேலேயே "பொங்கலோ பொங்கல்" என்றார்கள், பக்கத்து வீடு தூங்குகிறது என்று அக்கா வாயைப் பொத்தினாள். சின்னவன் சீருடையோடு கரும்பு கடித்தபடி மின்தூக்கிக்கு ஓடுவதை எடுத்தேன். மஞ்சள் கொத்து, கோலம், கண்ணாடிப் பால் கறை எல்லாம் இருக்கிறது. அந்தப் படத்தில் பொங்கல் சரியாக வந்திருக்கிறது.

எதிர்வீட்டுச் சீன அம்மாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தோம். கிண்ணம் மாலையில் ஆரஞ்சுப் பழங்களோடு திரும்பி வந்தது.

இரவு தேக்காவில் விளக்கு அலங்காரம், கேம்பல் லேனில் நெரிசல். பூக்கடைக்காரர் கையசைத்தார். பேச நேரமில்லை, வரிசை நீண்டிருந்தது. ஜூரோங்கிலிருந்தும் தெம்பனிஸிலிருந்தும் உட்லண்ட்ஸிலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள்தான் அத்தனை பேரும். கரும்பைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் ஏறிய ஒரு பெரியவருக்கு மொத்தப் பெட்டியும் ஒதுங்கி வழிவிட்டது. என் அரைப் பக்கங்களுக்கு "தேக்கா மனிதர்கள்" என்று நூலகத்தார் முன்கூட்டியே தலைப்பு வைத்திருந்தார்கள். அதை மாற்றச் சொல்லி அங்கிருந்தே செய்தி அனுப்பினேன்.

ஜனவரி 15, புதன் - விமான நிலையம்

படங்களை எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். பெரியம்மாவின் பேத்தி, பாட்டிக்குப் பிடித்திருக்கிறது என்றும், குடை பிடித்த காவலருக்கும் ஒரு பிரதி வேண்டும் என்றும் எழுதினாள். பாட்டிகள் இருவரும் ஒரே வட்டாரம்தானாம். மாமாக் கடைப் பாய் பதில் போடவில்லை. மலாய்ப் பெண் அவருடைய கைப்பேசியிலிருந்து மூன்று இதயங்கள் அனுப்பியிருந்தாள்.

கடைசியாகக் கோடிவீட்டு ஐயாவின் குரல்செய்தி வந்தது. நாடாவோடு நிற்கும் படத்தைப் போட வேண்டாம். பெரிதாக்கிப் பார்த்தாராம், நாடாவில் 118 சென்டிமீட்டர் தெரிகிறது. வெற்றிலைத் தொட்டியை நகர்த்திவிட்டார். மகளை விட்டு வேறு படம் எடுத்து அனுப்புகிறார், அதைத்தான் நூலகத்தில் வைக்க வேண்டும், சலவைச் சட்டையும் போட்டிருப்பார். சரி ஐயா என்று பதில் அனுப்பிவிட்டு விமானம் ஏறினேன்.